மரத்தடி மருந்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான். இந்த ஒற்றை அறை வீட்டில் எதைப் பேசினாலும் அப்பா காதில் விழும் என்பதால் கடிதம்.

உன் தம்பி போனதிலிருந்து அப்பாவுக்குச் சோறுமில்லை, தூக்கமுமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பொறுமையாகத்தான் விசாரித்தார். என்ன வேலை என்றதற்கு அப்பா கூலி வேலை என்று முடித்துக்கொண்டார். மகன் எப்படி இறந்தான் என்றதற்கு, விழுந்துவிட்டான் என்றார். என்னையும் பேசவிடவில்லை. அந்த அம்மா மாத்திரை கொஞ்சமாகக் கொடுத்து, சீட்டில் எழுதிக்கொடுத்தார்: தினமும் காலையில் பூங்காவில் மரத்தடியில் உட்கார வேண்டும், இலைகளை அண்ணாந்து பார்க்க வேண்டும். மரம் வெட்டியே பிழைத்தவருக்கு, கூட வேலைக்குக் கூட்டிப்போன பிள்ளையைக் கிளை முறிந்து பறிகொடுத்தவருக்கு, இப்படி ஒரு மருந்து. அழுவதா சிரிப்பதா, நீயே சொல்.

டாக்டர் சொல்லைத்தான் தட்டமாட்டாரே. ஆபீஸ் போகிறவர் மாதிரி தினமும் கிளம்பிவிடுகிறார், நானும் பின்னாலேயே ஓடுகிறேன். மற்றவர்கள் காற்று வாங்குகிறார்கள். இவர் உளுத்த கிளை தேடுகிறார். "இது தாங்காது, தள்ளிப் போங்க" என்று நடக்கிறவர்களை விரட்டுகிறார். பைத்தியம் என்று என் காதுபடவே பேசுகிறார்கள்.

போன வாரம் மறுபடி காட்டினோம். தவறாமல் போகிறார் என்று டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இனி நான் கூடப் போக வேண்டாமாம், தனியாக உட்கார்ந்தால் மனசு ஆறுமாம். நான் வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் மட்டும் போய் எல்லாவற்றையும் சொல்லலாமென்றால், இவரை யாரிடம் விட்டுப் போவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது.

இரண்டு நாளாக யாரையும் விரட்டுவதில்லை. ஒரே மரத்தடியில்தான் உட்காருகிறார். டாக்டரம்மா வேண்டாமென்றாலும் நான் விடாமல் கூடவே போகிறேன். நேற்று மேலே பார்த்துக்கொண்டே, "இந்தக் கிளை ஆளைத் தாங்கும்" என்றார். வீட்டுக்கு வந்ததும், மரம் ஏறுகிற கயிறு எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போகப் போகிறீர்களா என்றேன். பெட்டி, பரண் என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

கயிறு தம்பியின் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. இந்த வீட்டில் அவர் கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.

உடனே வா. கடிதம் பார்த்து வந்ததாகச் சொல்லாதே, அப்பாவைப் பார்க்க ஆசையாக இருந்தது என்று சொல். நீ வந்து சேரும்வரை நான் கண்மூட மாட்டேன். நீயாவது நூறு வயது இருக்க வேண்டும், கண்ணு.

வாசலையே பார்த்திருக்கும்
அம்மா