திறந்தே கிடந்த கேட்

இன்று காலை காஞ்சிபுரத்தில் ஓர் அலுவலக வராந்தாவைத் துடைத்துவிட்டிருந்தார்கள். எலுமிச்சை வாசனை. என் கால் தானாக நின்றுவிட்டது. அந்த வாசனை வந்தாலே நீ எழுந்து வெளியே போய்விடுவாய். வெளிநாட்டில் எட்டு வருடம் ஒரு வீட்டுத் தரையை அந்தத் திரவத்தை ஊற்றித்தானே துடைத்தாய்.

காவாந்தண்டலம் கிராமத்திலிருந்து வீட்டுவேலைக்கென்று போனவள் நீ. போன அன்றே அந்த வீட்டார் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். முன்பு அங்கே இருந்த பெண்ணின் பெயரையே உனக்கும் வைத்தார்கள். பக்கத்து வீட்டம்மாள் போலீசுக்குச் சொல்லித்தான் மீண்டாய். பிறகு அந்த நாட்டு நீதிமன்றத்தில் அடிமைப்படுத்திய குற்றத்துக்கு வழக்கு நடந்தது. இங்கிருந்தே வீடியோவில் நீ சாட்சி சொன்னாய். உத்திரமேரூர்க்காரியான எனக்கு உன் பேச்சு பிடிபடும் என்று மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

திரையில் நீதிபதி உன் பெயரைக் கேட்டார். சொன்னாய். யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னாய், தூக்கத்தில் பேசுகிறவளைப் போல.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "தினமும் குப்பை போட வெளியே வந்தீர்கள். கேட் திறந்துதான் இருந்தது. ஏன் ஓடவில்லை?"

நீ ஜன்னலில் வேப்பங்கிளை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். இந்த ஒரு கேள்வியில் வழக்கே கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன்.

"கேட்டு தொறந்துதாங்க கெடக்கும். ஆனா அது எனக்கும் சேத்துத்தான் தொறந்து கீதுன்னு தோணவே இல்லீங்க."

மொழிபெயர்ப்பவள் எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அப்படியே சொன்னேன். வக்கீல் தாளைப் புரட்டி வேறு கேள்விக்குப் போனார்.

பல மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. குற்றம் உறுதியாயிற்று; அடிமைத்தனம் என்ற சொல்லையே எழுதியிருந்தார்கள். உன் வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்டியாக்கா" என்றாய். செருப்பை மாட்டிக்கொண்டே, "பஸ்ஸேறி எங்கனா போலாமா?" என்றாய்.

திருமுக்கூடலுக்குப் போனோம். ஆறுகள் கூடும் இடத்தில் தண்ணீர் மெல்லிசாகப் பரவிக்கிடந்தது. எது ஆறு, எது வானம் என்றே தெரியாத வெளிச்சம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ அதற்குள் நடந்துகொண்டே இருந்தாய். நடுவில் நின்று திரும்பிச் சிரித்தாய்.

"இன்னாடி?" என்றேன்.

"எங்க போறன்னு யாருமே கேக்கல பாத்தியாக்கா!"

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நான்கே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் கனவில் நீ வரும்போதெல்லாம் முழங்கால் வரை ஈரமாகத்தான் வருகிறாய்.

இன்னமும் இப்படி மீண்டு வருகிறவர்களுக்குத் துணையாக உட்காருகிறேன். இன்று அந்த அலுவலகத்துக்கு வந்தவள் செங்கல் சூளையிலிருந்து மீண்ட பெண். யார் அடைத்து வைத்தார்கள், யார் அடித்தார்கள் என்பதெல்லாம் மேசை மேல் தாளில் இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, "உனக்கு எங்க போகணும்மா?" என்று முதலில் கேட்டேன். 'எங்கனா போலாமா' என்று நீ கேட்டதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கேள்வி அது.

அவள் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். அவசரமில்லை என்றேன்.