சர்க்கரை என்று மட்டும் சொன்னேன்

மேல்மலையனூர்
21-07-2024

கலைப்பிரியாவுக்கு உன் அத்தை பாஞ்சாலி எழுதுவது.

நீயும் ராஜ்குமாரும் அங்கே உன் அம்மா வீட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

உனக்கு மூன்றாம் மாதம் என்று ராஜ்குமார் போனில் சொன்னான். "உண்டாயிருக்காம்மா" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்கு அழுகைதான் வரும், பேச்சு வராது. எட்டாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

போன தடவை செய்தது போல எதையும் செய்து அனுப்பமாட்டேன், பயப்படாதே. பாலில் பனங்கற்கண்டு போட்டேன், வாரத்தில் மூன்று நாள் கேசரி கிண்டினேன், "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ"ன்னு சோற்றைத் தள்ளினேன். பிள்ளை ஒன்பது மாதம் இருந்துவிட்டு மூச்சில்லாமல் வந்தது. அதை அடக்கம் செய்த கொல்லை மூலையில் இந்த ஆடியிலும் நான் விதை போடவில்லை.

உனக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒரு வரி எழுது. மல்லாட்டை ஆகுமா? அவித்து அனுப்புவதா, வறுத்தா? கேட்டுச் செய்கிறேன்.

இப்படிக்கு,
பாஞ்சாலி

.

திண்டிவனம்
09-08-2024

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன்.

இந்த முறை முதலிலேயே சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் இரண்டு இட்லி, ஒரு முட்டை. மதியம் முதலில் பொரியலும் கீரையும், அதற்குப் பிறகுதான் ஒரு கப் சோறு. அந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாதாம். ஜூஸ் கிடையாது. கேப்பை நல்லதென்று கூழாகக் குடித்தேன், ஏறிவிட்டது. ஒரே ஒரு அடை என்றால் ஏறவில்லை. எல்லாவற்றையும் விரலில் குத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் பதினைந்து நிமிஷம் நடக்க வேண்டும். எங்கள் தெருவில் ஆட்டோக்காரர்கள் கூட வழிவிட்டுப் பழகிவிட்டார்கள்.

அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி ஆகும், ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் வேர்க்கடலை என்று போட்டிருக்கிறார்கள். அனுப்ப வேண்டாம், சிரமப்படாதீர்கள்.

கலைப்பிரியா

.

மேல்மலையனூர்
01-09-2024

அன்புள்ள கலைக்கு,

நீ வேண்டாம் என்றாலும் திண்டிவனம் வழியாக ஒலக்கூருக்குப் போகும் நம் ஊர் தென்னரசு வண்டியில் பச்சை மல்லாட்டையும் முருங்கைக் கீரையும் கொடுத்துவிட்டேன். வந்து சேர்ந்திருக்கும். உன் அம்மா வாங்கி வைத்தார்களா, திருப்பிப் போட்டார்களா என்று நான் தென்னரசுவைக் கேட்கவில்லை.

உன் கடிதத்தை நம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸம்மாவிடம் காட்டினேன். "உங்க மருமக கரெக்டா பண்ணிக்கினு வர்றாங்க" என்று சொன்னார்கள். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம். ஆக, இப்போது நானும் கீரையை முதலில் தின்றுவிட்டுச் சோற்றைத் தொடுகிறேன். மதியம் வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரை வரை போய் வருகிறேன். "பாஞ்சாலி எங்க ஜல்தியா போறா?" என்று கேட்கிறார்கள். என் மருமகளோடு நடக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சொல்லவில்லை.

எனக்கு ஒரு நினைப்பு மட்டும் போவதில்லை. இவ்வளவு சின்னச் சின்ன விஷயம்தானே, அப்போதே ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தால் அத்தனையும் செய்திருப்பேனே. யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

உன் அத்தை,
பாஞ்சாலி

.

திண்டிவனம்
20-10-2024

அத்தைக்கு,

இதை ஒன்றரை மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம் ஆனதும் சாப்பாடும் நடையும் மட்டும் போதவில்லை. இன்சுலின் ஆரம்பித்துவிட்டார்கள். வயிற்றில் நானே போட்டுக்கொள்கிறேன். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கிறது. முதல் நாள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். வலியென்று நினைத்து அவர் ஓடி வந்தார்.

அழுத காரணத்தை உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போன பிள்ளை ஆறாம் மாதமாக இருந்தபோது, நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போன நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் களை எடுக்கப் போயிருந்தீர்கள். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. திண்டிவனத்தில் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்லி அப்போதிருந்த நர்ஸம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். "ஊசி போட வேண்டி வரும்மா, பயப்படாத" என்றார்கள்.

எங்கள் அப்பாவுக்கு ஊசி ஆரம்பித்த மறு வருஷம்தான் காலை எடுத்தார்கள். காலை எடுக்கிற நிலைமைக்கு வந்த பிறகுதான் ஊசிக்கே போனார் என்பது இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு எனக்கு ஊசி என்றால் முடிவு. வாழ வந்த இடத்தில் சீக்காளி என்று பேர் வாங்கவும் பயம். சீட்டை மடித்துக் கல்யாணப் புடவைக்குள் வைத்தேன். நர்ஸம்மா இரண்டு தடவை போன் செய்தார்கள். "போய்க் காட்டிட்டேங்க" என்றேன். நீங்கள் கேட்டபோது, "எல்லாம் நல்லா இருக்காம் அத்தை" என்றேன். நீங்கள் சந்தோஷமாக அன்றைக்குக் கேசரி கிண்டினீர்கள். நானும் சாப்பிட்டேன்.

பிள்ளை போன பிறகு உள்ளே டாக்டர் என்னிடம், "உனக்கு முன்னாடியே சொன்னாங்கல்ல?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். வெளியே வெராண்டாவில் படுக்க வைத்த பிறகு எல்லாரும் என்ன ஆச்சு என்று கேட்டபோது சர்க்கரை என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை வைத்து அம்மா உங்கள் மேல் பாய்ந்தாள். "கண்டதையும் ஊட்டி ஊட்டி எம் பொண்ணு வயித்த வெறுமையாக்கிட்டியே" என்று உங்கள் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். அவர் உங்களைப் பார்த்து, "போதும்மா, நீ வெளிய போ" என்றார். நீங்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

தூங்கவில்லை அத்தை. எல்லாம் கேட்டது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

கலைப்பிரியா

.

மேல்மலையனூர்
04-11-2024

கலைப்பிரியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆடுகளை அவிழ்த்துவிடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். அது தீபாவளிக்கு முன்னால். இப்போதுதான் எழுதக் கை வருகிறது.

என் பிள்ளை என் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து இரண்டரை வருஷம் ஆகிறது. அவன் அப்பா திதிக்கு வந்தான். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றான். ஊரில் வளைகாப்பு என்றால் எனக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் நான் போகமாட்டேன். ஒரு அமாவாசை விடாமல் அங்காளம்மன் முன்னால் கூட்டத்தில் நின்று, "எங்கையாலேயே பண்ணிட்டேன் தாயே, மன்னிச்சிடு"ன்னு கும்பிட்டேன். இந்த அமாவாசைக்குப் போகவில்லை. அவளிடம் போய் இப்போது என்னவென்று சொல்வேன்? இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய் என்றா?

நீ பயந்தது எனக்குப் புரிகிறது. இருபத்து மூன்று வயதுப் பெண். பயப்படாமல் இருக்க முடியாது. அந்த வெராண்டாவில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை. புரியுமா என்றும் தெரியவில்லை.

ராஜ்குமாரிடம் இப்போது சொல்லாதே. அவன் எதையாவது கேட்பான், நீ அழுவாய், சாப்பிடாமல் கிடப்பாய். கவலைப்பட்டாலும் சர்க்கரை ஏறுமாம், நர்ஸம்மா சொன்னார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். பிறகு சொல். இரண்டரை வருஷம் சுமந்தவள் இன்னும் இரண்டு மாதம் சுமக்கமாட்டேனா?

ஊசியை விடாதே. நடையை விடாதே. மழை என்றால் வீட்டுக்குள்ளேயே நட.

பாஞ்சாலி

.

திண்டிவனம்
25-11-2024

அத்தைக்கு,

நீங்கள் வேண்டாம் என்ற ஒன்றை நான் செய்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு மதியச் சோற்றைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் அவரிடம் சொன்னேன். சீட்டையும் காட்டினேன். அதை இன்னும் வைத்திருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும், நான்தான் எழுதினேன் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு விழுப்புரம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனவர் இரண்டு நாள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்தார். "சாப்ட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சா? கைய நீட்டு" என்றார். நூற்றுப் பதினான்கு. நோட்டில் எழுதினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வேளை தவறாமல் அவர்தான் பார்க்கிறார். நான் நடக்கும்போது பத்தடி பின்னால் நடந்து வருகிறார்.

அம்மாவிடமும் சொன்னேன். அவள் அன்று முழுதும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

உங்களைப் பார்க்க அவர் வருவார் என்று நினைக்கிறேன். எப்போது என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

கலைப்பிரியா

.

மேல்மலையனூர்
02-02-2025

அன்புள்ள கலைக்கு,

நீயும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? பிள்ளைக்குப் பால் போதுகிறதா?

ராஜ்குமார் வந்ததை அவன் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான். கார்த்திகையில் புயலடித்து ரோடு திறந்த மறுநாள் வந்தான். கொல்லையில் முழங்கால் தண்ணீர். நேரே இறங்கி வாய்க்காலை வெட்டிவிட்டான். உடம்பெல்லாம் சேறு. கரையேறி வந்து, "பசிக்குதும்மா" என்றான். கீரையும் சோறும்தான் இருந்தது. தின்றுகொண்டிருக்கும்போது தட்டைக் கீழே வைத்துவிட்டான். "நான் உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும்மா" என்றான். "சோறு ஆறுது, தின்னுடா" என்றேன்.

தை பிறக்கும் முன்பே பேத்தி பிறந்துவிட்டாள். மூன்று கிலோ, அழுத சத்தம் ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்டது. உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். நீ பிள்ளையை என்னிடம் நீட்டினாய். நான் கை நீட்டவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை கலை. கை எழவில்லை. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மனசு முழுக்க ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உனக்கும் எனக்கும் நடுவில் இனி பொய் வேண்டாம்.

பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்து மறுபடியும் சர்க்கரை பார்க்க வேண்டுமாம், பிறந்ததும் சரியாகிவிட்டது என்று நிறையப் பேர் போகாமல் விட்டுவிடுகிறார்களாம். நர்ஸம்மா சொன்னார்கள். பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை வருகிறது. வெறும் வயிற்றோடு போய், குளுக்கோஸ் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கே உட்கார முடியாது.

நான் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். நீ உள்ளே போ. அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளை என் மடியில் இருக்கட்டும்.

உன் அத்தை,
பாஞ்சாலி