டுவேனின் நான்காவது விசாரணை

பிப்ரவரி 6, செவ்வாய்

பள்ளிச் சமையலறை வேலை முடிந்து வந்தபோது கடிதம் காத்திருந்தது. மே 14 அன்று டுவேனுக்குப் பரோல் விசாரணை. இது நான்காவது. கொலையுண்டவரின் அக்கா என்ற முறையில் எனக்குப் பேச உரிமை உண்டு என்று அதே பழைய வரி. சில வருடங்களுக்கு ஒருமுறை என் தங்கை க்ராசாவை மறுபடி புதைத்துவிட்டு வருவதற்கு உரிமை என்று பெயர்.

என் கணவர் ஆர்தூர் கடிதத்தைப் படித்தார். "இந்தத் தடவை போகாம இருந்தா என்ன, லூர்திஸ்? இருபத்தேழு வருஷம் ஆச்சு."

நான் போகாவிட்டால், அங்கே என் தங்கையை உயிரோடு பார்த்தவன் அவன் ஒருவன்தான் இருப்பான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

நெலியா சாப்பிட வந்தாள். அவளுக்குப் பிடித்த லிங்குயீசா தொத்திறைச்சியை வறுத்து வைத்திருந்தேன். தட்டைத் தொடவில்லை.

"எனக்கும் கடுதாசி வந்துச்சு பெரியம்மா. நானும் பேசப் போறேன்."

சந்தோஷப்பட்டேன். நாலு வயதிலிருந்து நான் வளர்த்த பெண், ஒருவழியாக அம்மாவுக்காகப் பேச வருகிறாளே என்று.

"அவரை விட்டுடச் சொல்லிப் பேசப் போறேன்."

இரண்டு வருடமாகச் சிறைக்குப் போய் அவனைப் பார்த்து வருகிறாளாம். எனக்குத் தெரியாது.

"உங்கம்மாவைக் கொன்னவன்டீ அவன்!"

"தெரியும். எங்கப்பாவும் அவர்தான். நான் யாரு பக்கம் உக்காரணும்னு அந்தக் கடுதாசில போடல."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. 'சோத்துக்கடன்' என்ற சொல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மார்ச் 3

இருபத்தொரு நாளாக நெலியாவிடமிருந்து போன் இல்லை.

மார்ச் 8, வெள்ளி

அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து திருமதி ப்ரூயிட் பேசினார். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு உதவுவது அவர் வேலை. விசாரணைக்காக நான் எழுதி அனுப்பிய வாக்குமூலத்தைப் படித்திருந்தார்.

"நல்லா வந்திருக்கும்மா. ஆனா அன்னிக்கு சாயங்காலத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே? தங்கச்சியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

மார்ச் 9

இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

1996, நவம்பர். அடர்ந்த மூடுபனி. ஐந்து மணிக்கே கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. க்ராசா கதவைத் தட்டினாள். இடுப்பில் பிள்ளை. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. "இங்கயே இருந்துடறேன் அக்கா. நாலு நாள். அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

அதற்கு முன்பு இரண்டு முறை வந்திருந்தாள். இரண்டு முறையும் அவளே திரும்பிப் போயிருந்தாள். எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதுதான் உண்மை, அலுப்பு. தேவாலயத்தில் எல்லோரும் பேசுவார்களே என்ற வெட்கமும்.

"போடி, போய் ஒழுங்காப் பேசித் தீத்துக்க. பிள்ளையை மட்டும் விட்டுட்டுப் போ."

அவள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். போனாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நெலியாவிடம் இத்தனை வருடமும் என்ன சொல்லி வைத்திருக்கிறேன்? 'அன்னிக்கு நீ எங்க வீட்ல விளையாடிக்கிட்டு இருந்தே.' பொய் இல்லை. பொய்யே இல்லை.

ஏப்ரல் 21

சோத்துக்கடன் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். "சரி" என்று ஒரு சொல் வந்தது.

மே 14, செவ்வாய்

விசாரணை முழுக்கக் கணினித் திரையில்தான். திருமதி ப்ரூயிட்டின் அலுவலகத்தில் நானும் ஆர்தூரும் ஒரு மேசையில். நெலியா தன் வீட்டிலிருந்து, தனிக் கட்டத்தில். இன்னொரு கட்டத்தில் டுவேன். முடி முழுக்க நரைத்துவிட்டது. மூக்குக் கண்ணாடி. தெருவில் எதிரே வந்திருந்தால் வழிவிட்டிருப்பேன்.

பரோல் வாரிய ஆணையர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். குடி, அடி, முதல் அறை எப்போது. அவன் மறைக்கவில்லை. பிறகு, "மனைவி அன்று வீட்டை விட்டுப் போயிருந்தார். எப்படித் திரும்பி வந்தார்?" என்றார்.

டுவேன் மேசையைப் பார்த்தபடி சொன்னான்: "அவ அக்கா வீட்டுக்குப் போனா. பிள்ளையை வெச்சுக்கிட்டு அவளைத் திருப்பி அனுப்பிட்டாங்க. கதவைத் தொறந்து அவ நின்னதும், அவ வீட்டாளுங்களே என் பக்கம்தான்னு நெனைச்சேன்."

"அக்காவைக் குறை சொல்கிறீர்களா?"

"இல்லைங்க. நடந்ததைச் சொல்றேன்."

நான் திரையில் நெலியாவை மட்டும் பார்த்தேன். அவள் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கண் சிமிட்டினாள்.

கடைசியில்தான் எங்கள் முறை. என் கையில் மூன்று பக்கம். முதல் வரி: 'என் தங்கை க்ராசா சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.' அதைப் படித்தேன். இரண்டாவது வரி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆர்தூர் என் முழங்கையைத் தொட்டார்.

காகிதத்தைக் கவிழ்த்துவிட்டேன். "அவன் சொன்னது உண்மை. நான்தான் அனுப்பினேன். ஆனா அடிச்சது நான் இல்லை. கழுத்தை நெரிச்சது நான் இல்லை. ரெண்டையும் எழுதிக்கோங்க."

நெலியாவை அழைத்தார்கள். "இன்னிக்கு எனக்குப் பேச எதுவும் இல்ல," என்றாள். அவள் கட்டம் இருண்டது.

அரை மணியில் தீர்ப்பு. பரோல் இல்லை. மூன்று வருடம் கழித்து மீண்டும் பார்க்கலாமாம். காரணங்களில் ஒன்று: தன் செயலுக்கான பொறுப்பை இன்னும் பிறர் மேல் சாய்க்கிறார்.

திருமதி ப்ரூயிட் என் கையைப் பிடித்து, "ஜெயிச்சிட்டோம்," என்றார். ஜெயித்துவிட்டோமாம்.

மே 15

வேலைக்குப் போனேன். இருநூறு பிள்ளைகளுக்குப் பரிமாறினேன்.

ஜூன் 2, ஞாயிறு

நெலியா வந்தாள். உட்காரவில்லை. வாசலிலேயே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பிள்ளையை வெச்சுக்கணும்னு தோணுச்சுன்னா, அங்க போனா என்ன நடக்கும்னு உங்களுக்குப் பயம் இருந்திருக்கு. இல்லையா?"

ஆர்தூர் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். நான் தடுத்தேன்.

"இருந்துச்சு," என்றேன்.

தலையை ஆட்டினாள். கார் கிளம்பும்வரை நான் கதவைச் சாத்தவில்லை.

ஆகஸ்ட் 18

நெலியா இப்போது டுவேனையும் போய்ப் பார்ப்பதில்லையாம். அவளோடு வேலை செய்யும் பெண்ணின் அம்மா தேவாலயத்தில் சொன்னாள். இதில் எனக்குச் சந்தோஷம் வரும் என்றல்லவா நினைத்திருந்தேன்?

செப்டம்பர் 30

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டே தட்டு.

நவம்பர் 23, சனி

க்ராசாவின் நினைவு நாள். கல்லறைக்கு நான் போனபோது நெலியா ஏற்கெனவே அங்கே இருந்தாள். திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"அம்மா கதவைத் தட்டினதுலேருந்து சொல்லுங்க. ஒண்ணும் விடாம."

சொன்னேன். என்ன உடுத்தியிருந்தாள், உதடு, அவள் கேட்ட நாலு நாள், என் அலுப்பு, என் வெட்கம். படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாளே, அதையும். நெலியா அழவில்லை. நடுவில் இரண்டு முறை நிறுத்தி, நேரம் என்ன இருக்கும் என்று கேட்டாள்.

பிறகு சொன்னாள்: "அடுத்த விசாரணைல நான்தான் முதல்ல பேசுவேன். அதுக்கப்புறம் நீங்க பேசுங்க."

யாருக்காகப் பேசுவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"பனி இறங்குது. பாத்து ஓட்டுங்க, லூர்திஸ்," என்றாள்.

பெரியம்மா என்று சொல்லவில்லை.