வாசலில் நிற்பவனின் அங்கி

ஜூலை 9
அடுத்த வீட்டு எஷ்முரோத் வாசலிலேயே சுருண்டு விழுந்தார். அவர் அம்மா இறந்த துக்கம். பஞ்சு வைத்துத் தைத்த அங்கியைப் போட்டு, இடுப்பில் கச்சை கட்டி, மகன் மூன்று நாள் வாசலில் நிற்கவேண்டும். நாற்பத்தாறு டிகிரி. உஸ்பெகிஸ்தானின் தென்கோடி, எங்கள் தெர்மெஸில் ஜூலை என்றால் சும்மாவா! நர்ஸ் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். அங்கியைக் கழற்றினேன். உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. வேர்ப்பதே நின்றுபோயிருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. இறப்புச் சீட்டில் 'இதயம்' என்று எழுதினார்கள்.

ஜூலை 11
இன்று அதே அங்கியில் அவர் தம்பி நிற்கிறார். தெருவுக்கே பொதுவானது அது ஒன்றுதான்.
"கழட்டுங்கண்ணே, வெயில் ஆளையே கொன்னுடும்."
"அங்கி இல்லாம நின்னா செத்தவனுக்கு என்ன மரியாதை? போம்மா, போய் ஊசி போடு."

ஜூலை 12
தம்பியும் போய்விட்டார். குழாயடியில் பெண்கள் கிசுகிசுக்கிறார்கள் — அங்கி ஆள் கேட்கிறதாம்.

ஜூலை 16
விடியற்காலையில் மாமனார் இறந்தார். காற்று பட்டால் சளி பிடிக்கும் என்று ஏசியை அணைத்து, ஜன்னலையும் சாத்திக்கொண்டு கிடந்தார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! மடித்த அங்கியோடு தெருத் தலைவர் வந்தார். என் வீட்டுக்காரர் ஸோஹித் கையை நீட்டி வாங்கினார்.

வேண்டாங்க என்று காலில் விழாத குறை. "ஊர் சிரிக்கும் மவ்ஜுதா. உன் படிப்பையெல்லாம் ஆஸ்பத்திரியோட வச்சுக்கோ."

வேறென்ன செய்வேன்? சமையற்கட்டில் இருந்த பெண்களிடம் சொன்னேன்: "அன்னிக்கு நான் கழட்டும்போது அங்கியோட கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுது." சுத்தப் பொய். அரை மணி நேரத்தில் அங்கியைக் கொண்டுபோய் இடுகாட்டு ஓரத்தில் புதைத்துவிட்டார்கள். ஸோஹித் வெறும் சட்டையோடு நின்றார். பின்கட்டுக்குப் போய்ச் சிரித்தேன். அல்லாவே, சாவு வீட்டில் சிரித்தேன்.

ஜூலை 17
முசுக்கட்டை மர நிழலில் நாற்காலி போட்டேன். ஸோஹித் உட்கார மாட்டாராம். "சனியனைத்தான் புதைச்சாச்சே, இன்னும் என்னடி பயம்?" தெருவுக்கே அந்தத் தைரியம். காலையிலிருந்து வெயிலில்தான் நிற்கிறார்கள்.

இரண்டு மணிக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். "பாரேன், வேர்க்கவே இல்ல" என்று கழுத்தைக் காட்டிச் சிரித்தார். தொட்டேன். ஐயோ — காய்ந்துபோய், அடுப்பு மாதிரி —

ஜூலை 19
நேற்று ஸோஹித்தைப் புதைத்தோம்.

மாஸ்கோவில் வேலை பார்க்கும் கொழுந்தன் பஹோதிர் இன்றுதான் வந்து சேர்ந்தான். கையில் ஒரு அங்கி. "பயப்படாதீங்க அண்ணி. இது கடையில வாங்கினது. புத்தம் புதுசு, யாரும் போட்டதில்ல."

நான் சொன்னது பொய்டா, அங்கி ஒண்ணும் பண்ணலைடா, வெயில்டா, வெயில்தான்டா என்று கத்தினேன். புருஷனைப் பறிகொடுத்தவள் உளறுகிறாள் என்று பெண்கள் என்னை உள்ளே இழுத்து வந்துவிட்டார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கச்சையை இறுக்கிக் கட்டுகிறான். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.