ஷாதிபூர் வீட்டிலிருந்து சரசுவைக் கூட்டி வந்தது

ஜூன் 3, செவ்வாய்

விடியறதுக்கு முன்னாடியே மழை. இந்தத் தீவுல அஞ்சு மணிக்கெல்லாம் வெளிச்சம். தென்காசிக்கு வாக்கப்பட்டுப் போய் இருபத்தஞ்சு வருஷத்துல இது மறந்தே போச்சு.

இன்னிக்கு: வக்கீல். கரண்ட் ஆபீஸ். பாத்திரமெல்லாம் பக்கத்து வீட்டு மினதி தீதிக்கு. முருகு சட்டைகள்... நாளைக்குப் பார்ப்போம்.

தம்பி முருகு போய் அஞ்சு மாசம். அவன் வீட்டுக்கு நான் வாரிசாம். மூத்தவ நான் இருக்க, நாப்பத்தி நாலு வயசுல அவனுக்கு என்ன அவசரம்? சாத்தம் ஜெட்டியில, அந்தக் கப்பல்துறையில, டியூட்டி முடிஞ்சு வந்து படுத்தவன், எழுந்திரிக்கலை. கல்யாணம் பண்ணிக்கோலேன்னு கத்திக் கத்தி என் தொண்டைதான் வத்திப்போச்சு. அடுத்த வருஷம், அடுத்த வருஷம். கழுதைப் பயல்.

டீ போட்டேன். ரெண்டு டம்ளர் எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணை அலம்பிக் கவுத்தேன்.

ஜூன் 4, புதன்

மழை விட்டு விட்டு. வாங்கறவங்க வந்தாங்க. ராவ், அவர் சம்சாரம். தெலுங்குக்காரங்க, ஆனா பேச்சு முச்சூடும் ஹிந்தி. என் ஹிந்திக்குத் துருப்பிடிச்சுப் போச்சு. நல்ல மனுஷங்கதான். திட்டவும் முடியலை.

ஏன் விக்கணும்னு எத்தனை தடவை எனக்கு நானே சொல்றது. மரவீடு. ஆளில்லாம ஒரு மழைக்காலம் கிடந்தா கரையானே தின்னுடும். எங்க வீட்டுக்காரர் போன்ல அதேதான்: "சட்டுபுட்டுன்னு முடிச்சுட்டு வா." அறிவுக்குத் தெரியுது. மனசுக்குத்தான் தெரியலை.

பின் ரூம்ல அந்தம்மா நின்னுட்டா. தரை முழுக்க டைல்ஸ், ஒரு மூலையில மட்டும் ஒரு சாண் மண் தரை. "தீதி, யே க்யா ஹை?" இது என்னன்னு கேக்கறா.

எனக்கே அப்பத்தான் கண்ணுல பட்டது. டைல்ஸ் போட்டப்ப, சரசு மூலையை மூடவிடாம நின்னு பார்த்திருக்கான் முருகு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

தெரிஞ்ச ஹிந்தியில சொன்னேன். எங்க கடைசித் தங்கச்சி. ஒன்பது வயசுல காய்ச்சல்ல போனவ. எங்க பக்கத்துல, கல்யாணம் ஆகாமச் செத்தவங்க வீட்டை விட்டுப் போகமாட்டாங்க. வருஷா வருஷம் துணி எடுத்துப் படைக்கணும். வீடு மாறினா பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த இடத்துல பிடிமண் எடுத்துக்கிட்டுப் போகணும். கூப்பிடாட்டி வரமாட்டாங்க, அங்கேயே இருந்துடுவாங்க.

சிரிப்பாளோன்னு பார்த்தேன். சிரிக்கலை. அவங்க ஊர்லயும் இந்த மாதிரி உண்டாம். "லே ஜாயியே, தீதி." கூட்டிட்டுப் போங்கங்கறா. அவ முன்னாடியே அழுதுட்டேன். மானம் போச்சு.

ஜூன் 6, வெள்ளி

ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுது. கையெழுத்து, கட்டைவிரல், போட்டோ. போட்டோவுல பிசாசு மாதிரி இருக்கேன்.

வரும்போது பஸ்ல ஒருத்தன் போன்ல: "அரே, மெயின்லேண்ட் போனவன் திரும்பியா வரப்போறான்?" யாரையோ சொன்னான். எனக்குச் சுருக்குன்னுது.

சாப்பிடலை. மினதி தீதி மீன் குழம்பு கொண்டாந்து வச்சுட்டுப் போயிருக்கா. தண்ணி வர்ற நாள் இன்னிக்கு, நம்ம டிரம்மையும் ரொப்பி வச்சிருக்கா. யாருக்கு?

ஜூன் 7, சனி

முருகு சட்டை பதினொண்ணும் பிரிச்சுக் கொடுத்தாச்சு. யூனிபார்ம் கொடுக்கலை. பெட்டியில அடியில வச்சேன். அவர் கேட்டா என்ன சொல்லன்னு தெரியலை.

அபர்தீன் பஜார்ல பாவாடைத் துணி. அரக்குல பச்சைக்கரை. கடைக்காரன் எந்த வயசுக்குன்னான். சரசு இருந்திருந்தா இப்ப நாப்பத்தொண்ணு. ஒன்பதுன்னேன்.

வளையல், ரிப்பன், சீப்பு, சின்னக் கண்ணாடி. வெத்தலை கிடைக்க அலைச்சல்.

ஜூன் 8, ஞாயிறு

குளிச்சு, மூலையை மெழுகி, சர்க்கரைப் பொங்கல் வச்சுப் படைச்சேன். அம்மா எப்படிச் சொல்லுவாளோ அப்படியே சொன்னேன். "ஏட்டி சரசு, வீடு கை மாறிட்டு. இங்க இனிமே உனக்கு யாரும் இல்லை. அக்காகூட வா, தென்காசியில நல்ல இடமா வச்சுப் பார்த்துக்கறேன்."

பல்லி சொன்னாத்தான் சம்மதம். சொல்லலை.

சூடம் அணைஞ்சு, இன்னொண்ணு ஏத்தினேன். தகரத்துல மழைச்சத்தம், அதுல பல்லி எங்க கேக்கும். முட்டி வலிக்குது. "வராம அடம்பிடிக்காதட்டி, உன்னை விட்டுட்டு எப்படிப் போவேன்"னு கெஞ்சினேன். பைத்தியக்காரி மாதிரி சத்தம் போட்டிருக்கேன் போல, மினதி தீதி ஜன்னல்ல எட்டிப் பார்த்தா.

மத்தியானத்துக்கு மேல, ஒரே ஒரு தடவை. உத்திரத்துலருந்து.

மண்ணெடுத்து மஞ்சத்துணியில முடிஞ்சேன். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் கீழே வைக்கக் கூடாது. ரொம்ப நாளுக்கப்புறம் நல்லாச் சாப்பிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கப்பல். வீட்டைப் பூட்டிச் சாவியை ராவ் கையில கொடுத்தாச்சு. "ஆப் கா ஹீ கர் ஹை", இது உங்க வீடுதான்னார். எல்லாரும் அப்படித்தான் சொல்லணும்.

மினதி தீதி ஜெட்டி வரைக்கும் வந்தா. கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னா.

கப்பல் திரும்பினப்ப மரைன் ஹில் பக்கம் ஒரு விளக்கு. மடியில முடிச்சு. "பாருட்டி, போறோம்"னேன்.

ஜூன் 11, புதன்

கடல் கொஞ்சம் ஆட்டம். எதிர்ப் படுக்கையில ஒரு அம்மா. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்காரங்க, சிலோன்லருந்து வந்த குடும்பமாம். மகளுக்கு வைத்தியம் பார்க்க மெட்ராஸ் போறாங்க. மடியை விட்டு எறக்காம வச்சிருக்கீங்களே, என்னதுன்னு கேட்டாங்க. சொன்னேன். பல்லி சொன்னதையும் பெருமையாச் சொன்னேன்.

"நல்ல காரியம் செஞ்சீங்க. இவ்வளவு நாளா அந்த வீட்டுல யாரு இருந்தது?"

"என் தம்பி. தவறிட்டான்."

"ஐயோ. சம்சாரம், பிள்ளைங்க?"

"கல்யாணம் ஆகலை"ன்னேன். வாயிலருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டுச்சு.

அந்தம்மா முடிச்சைப் பார்த்தாங்க. அப்புறம் மக பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

அவனை நான் செத்தவனா நினைக்கவே இல்லை. டியூட்டிக்குப் போனவனாத்தான் இருந்தான் இத்தனை நாளும். சட்டையைக் கொடுத்தேன். பொங்கல் வச்சேன். அவன் படுத்து எழுந்திரிக்காத கட்டில் மேலேயே தாம்பாளத்தை வச்சேன். அவன் பேரை மட்டும் சொல்லலை. யாரும் இல்லைன்னு வேற சொன்னேன், அவன் காதுபட.

மினதி தீதிக்குப் போன் போட்டுப் பார்த்தேன். நடுக்கடல்ல சிக்னல் ஏது. கிடைச்சாலும், அவ கூப்பிட்டா வருவானா.

பூட்டினது நான்தான். சரியா விழுந்திருக்கான்னு ரெண்டு தடவை இழுத்தும் பார்த்தேன். முருகு உள்ள இருக்கான்.