பால் பவுடர் கம்பெனிக்கு ஒரு கேள்வி

மாசி 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. துணி அலசிப் போட்டுவிட்டு பாப்பாவுக்குப் புது டப்பா திறந்தேன். பவுடர் நிறம் வேறு. எப்போதும் வெள்ளை. இது பழுப்பு, சுக்குத்தூள் மாதிரி. வாசமும் ஒரு மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு. மூடி வைத்துவிட்டேன்.

பாப்பாவுக்கு மாட்டுப்பால் ஆகாது. ஒரு தடவை ஒரு வாய் பட்டதற்கே மலத்தில் ரத்தம், ஆஸ்பத்திரி. என் பால் அந்த அலைச்சலிலேயே நின்றுபோனது. மாட்டுப்பால் சேராத இந்தப் பவுடரை விட்டால் அவளுக்கு வேறு பால் கிடையாது.

மெடிக்கல் கடை அண்ணனிடம் ஓடினேன். "வந்தது எல்லாம் இதே லாட்டுதானுங்க. ஈரோட்டுலயும் கேட்டுட்டேன். நாம்பாட்டுக்குக் குடுங்கன்னு சொல்லீட்டா நாளைக்கு என்ற தலைலதான் உழுகும். கம்பெனிக்காரன்தானுங்க சொல்லோணும்."

டாக்டரும் அதையே சொன்னார். கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள், அதுவரை கொடுக்க வேண்டாம். பழைய டப்பாவின் அடியில் கொஞ்சம் இருக்கிறது.

சரி, ஒரே கேள்விதானே. நிறம் ஏன் மாறியது, கொடுக்கலாமா கூடாதா. டப்பாவில் இருந்த நம்பருக்கு அடித்தேன். இந்திக்கு ஒன்று, இங்கிலீசுக்கு இரண்டு. தமிழுக்கு ஒன்றுமில்லை. விற்கும்போது மட்டும் டப்பா மேல் தமிழ். இரண்டை அமுக்கினால் புல்லாங்குழல். என் அழைப்பு அவர்களுக்கு ரொம்ப முக்கியமாம். பிறகு கட்.

மாசி 10, செவ்வாய்

அனல். மோட்டார் போட மறந்துவிட்டேன், தொட்டி காலி.

மெயில் போட்டேன், டப்பா போட்டோவோடு. பதில் உடனே வந்தது! திறந்தால்: இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம்.

வாட்ஸப்பில் ஒரு மிஷின். என் கேள்வி அதற்குப் புரியவில்லையாம். வாங்குவதா, கடை தேடுவதா என்று இரண்டே பொத்தான். "வாங்குவது" அமுக்கினேன். அரை நிமிஷத்தில் உயிருள்ள மனுஷன் பேசினான், மேடம் எத்தனை டப்பா என்று. லாட் விவரம் கேட்டேன். அது வேற டிபார்ட்மெண்ட் என்று வைத்துவிட்டான். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. தூ.

நங்கை (என் வீட்டுக்காரருடைய அக்கா) வந்திருந்தாள். "என்ஜினீரிங் படிச்சவ, காலைலிருந்து டப்பாகூடப் பேசீட்டிருக்கறாளே!"

டப்பாவும் பதில் பேசவில்லை என்றேன்.

பழைய பவுடர் இரண்டு வேளைக்கு வரும். இடையில் அரிசிக் கஞ்சி கொடுத்தேன். துப்பினாள். என் மேலெல்லாம் கஞ்சி.

மாசி 11, புதன்

கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் கொழுகொழு குழந்தை படம். "அம்மாவின் நம்பிக்கை" என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே என் கேள்வியைப் போட்டேன். மத்தியானம் பார்த்தால் என் கேள்விக்கு ஒரு சிவப்பு இதயம். பதில் இல்லை. குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டவளுக்கு இதயம் போடுகிற ஜென்மம் எப்படி இருக்கும்? கழுத்தில் அடையாள அட்டை, ஏ.சி., சாயங்காலம் கேக் வெட்டு.

அவர் போன். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு ஐதராபாத் பக்கம் இருக்கிறார், போய் ரெண்டு மாசமாகப் போகிறது. எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த ஆபீஸ் எந்த ஊரு?" என்றார். டப்பாவில் ஐதராபாத் என்றுதான் போட்டிருந்தது.

எதற்குக் கேட்கிறார் என்று தெரியும். பணம் பாக்கி வைத்துவிட்டுப் போன் எடுக்காத பார்ட்டி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கம்ப்ரசரை ஓடவிடுவது திருச்செங்கோட்டு வண்டிக்காரர்களின் வழக்கம். காது கிழியும், தெருவே வெளியே வந்துவிடும். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. படிச்சவங்க ஆபீஸ். இன்னொரு மெயில் போடறேன்."

"போடு சாமி. பாப்பா பொறந்தநாளுக்குள்ள பதில் வந்துரும்."

மாசி 12, வியாழன்

ராத்திரியே பழைய டப்பா தீர்ந்தது. அடியைச் சுரண்டியும் அரை பாட்டில்கூட ஆகவில்லை.

மெயில் போட்டேன். இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம்.

கஞ்சி வேண்டாம், ராகிக் கூழ் வேண்டாம். உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். டயப்பர் மத்தியானம் வரை நனையவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் மடியில் கிடந்து புது டப்பாவையே பார்த்தாள், கை நீட்டினாள். டப்பா மேல் இருக்கும் படம் அவளுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் நனையவில்லை என்றால் அட்மிட் என்றார் டாக்டர். எதற்கும் பையில் துணி எடுத்து வைத்தேன். அஞ்சு மணிக்குக் கொஞ்சம் நனைந்தது. அப்போதுதான் மூச்சே வந்தது.

நானே அவருக்கு அடித்தேன்.

"ஏனுங்க, வண்டி இப்ப எங்கிருக்குது?"

 சிரித்தார். "அட்ரஸ் அனுப்பு."

மாசி 13, வெள்ளி

மேகம், மழை இல்லை. தலை பின்னவில்லை.

பத்து மணிக்கு வண்டி கம்பெனி கேட்டில். அவர் போனில் கத்தித்தான் சொன்னார். "செக்யூரிட்டி யாரு போர் போடச் சொன்னதுன்னான். உங்க மேனேஜருதான்னேன். எந்த எடத்துலன்னான். அவரு ரூமுக்கு நேரான்னு சொல்லீட்டு ஆன் பண்ணீட்டேன்!" பின்னால் கம்ப்ரசர். போன் வழியாகவே பாப்பா திடுக்கிட்டாள்.

பதினைந்து நிமிஷம். நாலு நாள் கும்பிட்டதற்கு வராத பதில் பதினைந்து நிமிஷத்தில். தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைக்கூடத் தேடிப் பிடித்து எனக்குப் போன் போட வைத்துவிட்டார்கள். "மேடம், எண்ணெய் மாத்தியிருக்கோம், அதான் கலர். பால் சத்து எதுவும் சேரலை. கொடுக்கலாம் மேடம்."

இவ்வளவுதான். திங்கட்கிழமையே ஒரு வரி.

எழுத்தில் என்றேன். லாட் நம்பர் போட்ட சோதனை ரிப்போர்ட் டாக்டருக்கே போனது. அவர் படித்துவிட்டுக் கொடுங்கள் என்றார். கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு முழு பாட்டில்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக் குடிக்கிறாள், தொண்டையில் மடக் மடக்.

கம்பெனி நம்பர் அடிக்கிறது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பிறகு அவர்.

"ஏஞ்சாமி, பதிலு வந்துருச்சல்ல? மேனேஜரே எறங்கி வந்து கையெடுத்துக் கும்புடறான். வண்டிய எடுத்தரட்டுமா?"

பாட்டிலைப் பார்த்தேன். பாதி இருந்தது.

"பாப்பா இன்னும் குடிச்சு முடிக்கலீங்க."