அம்மா பேசிய பதிவு

அய்யாவுக்கு முனியராஜ் வணங்கி எழுதுவது. நான் சௌகரியமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

"உங்கம்மா குரலே மறந்து போச்சுலே" என்று போனில் சொன்னீர்கள். நாரணாபுரம் பட்டாசு கம்பெனி வெடிப்பதற்கு முந்தின வாரம் டிவிக்காரர்கள் அம்மாவிடம் பேசினார்களே, அதை இங்கே இணைய டிவியில் பதிவு செய்திருந்தேன். அம்மா போனபின் திறக்கத் துணியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திறந்தால், பதிவு அன்றோடு தானாக அழிந்துவிடும் என்று திரையில் வந்தது. அதைத் தனியாக எடுத்து வைக்கவும் வழியில்லை. அந்த டிவி கம்பெனிக்குப் போன் செய்து, பதிவில் பேசுவது இறந்துபோன என் அம்மா, அழிக்காதீர்கள் என்றேன். எடுத்த பெண் வருத்தப்பட்டாள், ஆனால் முடியாது என்றாள். அதனால் டிவியை ஓடவிட்டு செல்போனில் படம் பிடித்துவிட்டேன்.

"சீசன் நேரம், அம்புட்டு வேல கெடக்கு. எம்மகன் வெளிநாட்டுல இருக்கான், இதப் பாப்பானோ என்னமோ" என்று அதில் அம்மா சிரிக்கிறாள்.

ஊருக்கு வரும் மணிமுத்துவிடம் இந்தக் கடிதத்தோடு அந்தப் படம் உள்ள பென் டிரைவும் கொடுத்திருக்கிறேன். தங்கச்சி சினேகா பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். நீங்களும் எதையாவது பேசி, போனில் பதிவு செய்து அனுப்புங்கள். மழை பெய்ததா, என்ன சாப்பிட்டீர்கள், எதுவானாலும் சரி.

வேலைக்கு நேரமாகிவிட்டது. படத்தில் இடையிடையே மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை.

உங்கள் மகன்,
முனியராஜ்